வீட்டிலேயே பாலிஷ், வேக்ஸ்: துணியில் சிவப்புச் சாயம் ஏறுகிறது, தொடரலாமா?

திருநகர்_செல்வம் (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். மாமாவிடமிருந்து அவருடைய பழைய காரை வாங்கியிருக்கிறேன். 2013 மாடல், மினுக்கு ஏதும் இல்லாத வெறும் சிவப்பு. 70,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, என்ஜின் அருமை. ஆனால் கடைசி ஐந்தாறு வருடம் வாசலில் வெட்டவெளியில் நின்ற வண்டி. பானெட்டும் டாப்பும் வெளுத்துச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டன. கதவுகள் பரவாயில்லை. ஆனால் ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள்.

இங்கே ஒரு கடையில் ரப்பிங் பாலிஷ் 3,500 ரூபாய் என்றார்கள். இன்னொரு இடத்தில் செராமிக் கோட்டிங் 18,000 சொன்னார்கள். வண்டியின் விலைக்கு அது அதிகம், அதோடு எனக்கே செய்து பார்க்க ஆசை. ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்ட், ஒரு டப்பா வேக்ஸ் வாங்கினேன். நேற்று பானெட் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்தேன். அந்த இடம் நல்ல சிவப்பாக வந்துவிட்டது. ஆனால் துணியும் சிவப்பாகிவிட்டது! பெயிண்டே கரைந்து வருகிறதோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். தொடரலாமா? முதலில் எதைப் போடுவது, காம்பவுண்டா வேக்ஸா?

புதுவண்டி2023 (சேலம்)

செராமிக் போட்டுவிடுங்கள் நண்பா, மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை.

கணபதி_பட்டறை (கோவை)

செல்வம் தம்பி, நிறுத்தியது நல்லது. ஆனால் பயப்பட வேண்டாம். 26 வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அதில்தான் பாதிப் பேர் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் பளபளப்பாக்கும் எல்லாவற்றுக்கும் ‘பாலிஷ்’ என்ற ஒரே சொல்தான். உண்மையில் இரண்டும் எதிரெதிர் வேலை. காம்பவுண்ட், பாலிஷ் என்பவை பெயிண்டைச் சீவுகின்றன. அவற்றில் மிக நுண்ணிய தூள் இருக்கிறது, அது மேற்பரப்பைத் தேய்த்து எடுக்கிறது. வேக்ஸ் எதையும் எடுக்காது, மேலே ஒரு படலமாக உட்காரும். சீவுவதை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. வேக்ஸை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். முதலில் கழுவல், தேவைப்பட்டால் சீவல், கடைசியில் வேக்ஸ்.

கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் தகரத்துக்கு மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கு மேல் கிளியர் எனும் நிறமில்லாத மேல்பூச்சு என்று வரிசையாக இருக்கும். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதில் கிளியர் மட்டும் ஏறத்தாழ 40, 50 மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் தடிமன். ஆக, வண்டிக்கு வெயிலிலிருந்து காவல் நிற்பது ஒரு முடியை விட மெல்லிய படலம். மிஷினில் காம்பவுண்ட் போட்டு ஒரு முறை நன்றாக ரப்பிங் அடித்தால் இரண்டு மூன்று மைக்ரான் போகும். போனது திரும்ப வளராது. வருடா வருடம் தீபாவளிக்கு ரப்பிங் அடிக்கிற வண்டிகளில் ஏழெட்டு வருடத்தில் விளிம்புகளில் பிரைமர் தெரிவதை நானே பார்த்திருக்கிறேன்.

கிளியர் உள்ள வண்டியில் தேய்த்தால் துணியில் அழுக்கு வரும், காம்பவுண்டின் வெள்ளை வரும், நிறம் வராது. நிறம் வந்தால் அந்த இடத்தில் கிளியர் இல்லை என்று அர்த்தம். கம்பெனியே சில வெறும் நிறங்களைக் கிளியர் இல்லாமல் அடித்ததுண்டு. இல்லையென்றால் பிற்பாடு யாரோ பட்டறையில் கிளியர் இல்லாத பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். கதவில் உள்ளங்கை அளவு தேய்த்துப் பாருங்கள். துணியில் என்ன வருகிறது என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

திருநகர்_செல்வம் (மதுரை)

அண்ணா, மிக்க நன்றி. கதவில் தேய்த்தேன், நிறமே வரவில்லை! டாப்பில் தேய்த்தால் சிவப்பாக வருகிறது. மாமாவிடம் கேட்டேன். ஏழு வருடம் முன்பு மழைக்காற்றில் வேப்பமரக் கிளை முறிந்து மேலே விழுந்ததாம். பானெட், டாப் இரண்டையும் பக்கத்துப் பட்டறையில் ஒடுக்கெடுத்து பெயிண்ட் அடித்தார்களாம். என்னிடம் இதைச் சொல்ல மறந்தேவிட்டார்.

கணபதி_பட்டறை (கோவை)

அப்போது சரிதான். ஒரே வண்டியில் இரண்டு வகை பெயிண்ட். கதவுகளுக்கு ஒரு கணக்கு, பானெட்டுக்கும் டாப்புக்கும் வேறு கணக்கு.

இன்னொரு சோதனை. வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, பானெட்டிலும் டாப்பிலும் அங்கங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் உள்ளே பட்டி, அதாவது ஒடுக்கை நிரப்பிய பசை, தடிமனாக இருக்கிறது. அங்கே அழுத்தித் தேய்க்கவே கூடாது. தடிமன் பார்க்கும் மீட்டர் இருந்தால் எண்ணாகவே தெரியும். கம்பெனி பெயிண்ட் 150க்குள் காட்டும், மறுபடி அடித்தது 200, 300 காட்டும், பட்டி இருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். வீட்டுக்காக அதை வாங்க வேண்டியதில்லை, காந்தமே போதும்.

வெளுத்ததற்குக் காரணம் வெயில்தான். சிவப்புச் சாயம் ஒளியில் உடைவது மற்ற நிறங்களை விட அதிகம். கிளியர் இல்லாததால் மேல் அடுக்கு செத்துப் பொடியாகிவிட்டது. விரலால் தேய்த்தால் விரலில் சிவப்பு மாவு ஒட்டும். அந்த மாவைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். கீழே நல்ல நிறம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கையால் மட்டும் செய்யுங்கள். கடுமையான காம்பவுண்டை ஒதுக்கிவைத்துவிட்டு, நைசான ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று வாங்குங்கள்.

ஈசிஆர்_காற்று (திருவான்மியூர்)

பட்டறைக்காரர் சொன்னதில் ஒரு வார்த்தை கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் தாவிக் கடக்கும் கழுவலைப் பற்றி நான் பேச வேண்டும். அந்தச் சிலந்தி வலை வெயிலால் வந்ததல்ல, கையால் வந்தது.

எங்கள் அபார்ட்மெண்டில் தினமும் விடிகாலையில் ஒருவர் நாற்பது வண்டி துடைக்கிறார். ஒரே பக்கெட், ஒரே துணி. முதல் வண்டியின் மண் நாற்பதாவது வண்டி வரை பயணம் செய்கிறது. தண்ணீர் தெளிக்காமல் வறண்ட தூசி மீது துணியை இழுப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். தெருத் தூசியில் இருப்பது மணல், மணல் என்றால் குவார்ட்ஸ், அது பெயிண்டை விட எத்தனையோ மடங்கு கடினம். நான் மாதச் சம்பளத்தைக் குறைக்காமல், ‘உள்ளே மட்டும் சுத்தம் செய்யுங்கள், வெளியே தொட வேண்டாம்’ என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அதுதான் என் வண்டிக்கு நான் செய்த மிகப் பெரிய உபகாரம்.

பனியன் வேஸ்ட் துணியையும் விட்டுவிடுங்கள். கிலோ கணக்கில் விற்கும் அந்தத் துணியில் தையல் விளிம்பு, ஸ்டிக்கர் பிரிண்ட், சில சமயம் பட்டன் கூட இருக்கும். என்ஜின் ஆயில் துடைக்க அது தங்கம், பெயிண்டுக்கு ஆகாது. மைக்ரோஃபைபர் துணி நாலைந்து வாங்குங்கள். ஓரத் தையல் இல்லாததாக இருந்தால் நல்லது. கீழே விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி வண்டியில் வைக்காதீர்கள்.

நான் கழுவும் விதம்: காலை ஆறரை மணிக்கு, தகரம் குளிர்ந்திருக்கும்போது. முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கீழே இறக்கிவிடுவேன். இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பு தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். டாப்பிலிருந்து கீழ்நோக்கி வருவேன். ஒரு பாகம் முடிந்ததும் கையுறைத் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்குவேன். முடிந்ததும் அந்த அலசிய பக்கெட்டின் அடியைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் மணல் அத்தனையும் இல்லையென்றால் உங்கள் வண்டி மேல் ஊர்ந்திருக்கும்.

பாத்திரம் தேய்க்கும் லிக்விட், துணி சோப்பு வேண்டாம். போட்ட வேக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும்.

தாமிரபரணி (நெல்லை)

எங்கள் அப்பா 30 வருடம் டாக்ஸி ஓட்டினார். தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து துடைப்பார், அம்பாசடர் கண்ணாடி மாதிரி இருக்கும். இந்த வேக்ஸெல்லாம் அப்போது யாரும் கேள்விப்பட்டதே இல்லையே? டூத்பேஸ்ட் வைத்தும் கீறல் எடுப்பார்கள்.

கணபதி_பட்டறை (கோவை)

அய்யா, நானும் தொழில் கற்றுக்கொண்ட நாளில் மண்ணெண்ணெய், டீசல் வைத்துத் துடைத்த வண்டிகளைப் பார்த்தவன். அது கொடுக்கும் மினுக்கு எண்ணெய் ஈரத்தின் மினுக்கு. ஈரச் சட்டை அடர்நிறமாகத் தெரிவதைப் போல. சாயங்காலத்துக்குள் அது தூசியைப் பிடித்துக்கொள்ளும், மறுநாள் அந்தத் தூசியோடு சேர்த்துத் துடைப்பார்கள். ரப்பர் பீடிங்கும் உப்பிப் போகும். டூத்பேஸ்ட்டும் ஒரு தேய்ப்புத் தூள்தான், ஆனால் பல்லுக்காக அரைத்தது. பெயிண்டில் ஒரு கீறலை எடுத்து ஒன்பது கீறல் போடும். உங்கள் அப்பா காலத்தில் பெயிண்டும் வேறு, வேறு வழியும் கிடையாது. கையில் இருந்ததை வைத்து வண்டியைப் பேணியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பெரம்பூர்_லோகோ (சென்னை)

கழுவி முடித்ததும் ஒரு மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத நறநறப்பு பை வழியாகத் தெரியும். என் வீடு ரயில் தண்டவாளத்துக்கு மிகப் பக்கம். பிரேக் கட்டையிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் வெள்ளை வண்டியில் ஆரஞ்சுப் புள்ளியாகப் பூக்கும். அதைத் துடைத்தும் எடுக்க முடியாது, கழுவியும் எடுக்க முடியாது. அதற்குத்தான் கிளே பார், களிமண் கட்டி மாதிரி இருக்கும்.

ஷாம்பு தண்ணீரை நிறையத் தெளித்து, கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் நேர்க்கோட்டில் வழுக்கவிட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்று வழுக்கும். அந்த இடம் முடிந்தது. அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து புதுப் பக்கம் எடுங்கள். கட்டி கை தவறித் தரையில் விழுந்தால் வருத்தப்படாமல் குப்பையில் போடுங்கள். ஒட்டிய மணலை அதிலிருந்து பிரிக்கவே முடியாது. அதனால் நான் எப்போதும் கட்டியை மூன்று துண்டாக வெட்டித்தான் எடுப்பேன்.

இதைச் செய்யாமல் பாலிஷ் போட்டால் அந்த இரும்புத் துகளையும் சேர்த்து உருட்டித் தேய்ப்பீர்கள்.

திருநகர்_செல்வம் (மதுரை)

கிளே எனக்குப் புதிது. பொடி உதிரும் பானெட்டிலும் போட வேண்டுமா? அப்புறம் எங்கள் வீட்டில் போர் தண்ணீர். கழுவி முடிப்பதற்குள் கறுப்பு பம்பரில் வெள்ளைப் பொட்டுகள் வந்துவிடுகின்றன.

பெரம்பூர்_லோகோ (சென்னை)

பானெட்டிலும் போடலாம், கட்டி சிவப்பாகும், அவ்வளவுதான். மிக மெதுவாக.

ஈசிஆர்_காற்று (திருவான்மியூர்)

வெள்ளைப் பொட்டு என்பது தண்ணீர் ஆவியானதும் மிச்சமாகும் கால்சியம், மக்னீசியம் உப்பு. குளியலறைக் குழாயில் படிவதேதான். அன்றன்றைக்கு எடுத்தால் ஒன்றும் இல்லை. வெயிலில் வாரக் கணக்கில் விட்டால் கிளியரைத் தின்று பள்ளம் போட்டுவிடும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் பொட்டின் மேல் வைத்திருங்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். போகாவிட்டால் இன்னொரு முறை. அதற்கும் போகாதது பள்ளமாகிவிட்டது, அதற்குப் பாலிஷ்தான்.

வராமல் தடுக்க: கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் கார்ப்பரேஷன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் முனையைக் கழற்றிவிட்டு மெல்ல வழியவிட்டால் தண்ணீர் திரையாக இறங்கிப் போகும், பொட்டு குறையும். உடனே துடைக்க வேண்டும். ஒரு பக்கம் கழுவும்போது மறுபக்கம் காயவிடாதீர்கள்.

புதுவண்டி2023 (சேலம்)

இவ்வளவு பாடுபடுவதற்குக் கார் கவர் போட்டு மூடிவைத்தால் முடிந்ததே?

மலைக்கோட்டை_தேன்மொழி (திருச்சி)

கவர் விஷயத்தில் நான் பட்டுத் தெளிந்தவள். முதல் காருக்குக் கவர் போட்டேன். காற்றடிக்கும்போது கவர் அசைந்து அசைந்து, அடியில் இருந்த தூசியை வைத்து டாப் முழுக்கத் தேய்த்துவிட்டது. கதவுக் கைப்பிடி அருகில் மங்கலாக ஒரு பட்டையே விழுந்தது. மாதக் கணக்கில் நகராத வண்டிக்கு, நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போட்டால் பலன் உண்டு. தினமும் ஓடும் வண்டிக்கு நிழல்தான் தேவை. நான் ஷெட் போட்டுக்கொண்டேன்.

கணபதி_பட்டறை (கோவை)

இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். பறவை எச்சமும் வெயிலும் சேர்ந்து செய்யும் சேதத்தைக் கவர் தடுக்கிறது. எச்சத்தில் அமிலம் இருக்கிறது. தகரம் சூடாகும்போது கிளியர் இளகும், இரவில் இறுகும்போது எச்சத்தின் வடிவத்திலேயே தழும்பு நிற்கும். கவரால் வரும் கோடு பாலிஷில் போகும், எச்சத் தழும்பு பல சமயம் போகாது. மரத்தடி தவிர வேறு இடமே இல்லாதவர் கவர் போடட்டும். வெட்டவெளியில் தினம் எடுக்கும் வண்டிக்கு வேண்டாம் என்பதில் அம்மா சொல்வதுதான் சரி.

எச்சத்தைச் சுரண்ட வேண்டாம். ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, அள்ளி எடுங்கள்.

கொங்கு_வேலு (ஈரோடு)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் வண்டி சில்வர். டாப்பில் வெள்ளையாகத் தோல் உரிவது போல் உரிகிறது. பாலிஷ் போட்டால் போகுமா?

கணபதி_பட்டறை (கோவை)

போகாது வேலு. அது கிளியரே செத்துப் பெயர்ந்து வருவது. பாலிஷ் போட்டால் விளிம்பு இன்னும் கிழியும். தேய்த்து மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழி, அதில் செலவு செய்யுங்கள். டப்பா எதுவும் வாங்க வேண்டாம்.

மலைக்கோட்டை_தேன்மொழி (திருச்சி)

செல்வம், நான் மிஷின் இல்லாமல் கையாலேயே இரண்டு கார்களுக்குச் செய்திருக்கிறேன். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், லோகோ எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறையுங்கள். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பாலிஷோ வேக்ஸோ பட்டால் வெள்ளைத் திட்டாகக் காய்ந்து நிற்கும், அதை எடுக்க ஒரு நாள் ஆகும். ஏற்கெனவே பட்டிருந்தால் பழைய டூத்பிரஷ்ஷும் ஷாம்பு வெந்நீரும் எடுத்துப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். பானெட்டின் மடிப்புக் கோடுகள், விளிம்புகள் மேலும் டேப் ஒட்டுங்கள். பெயிண்ட் அங்கேதான் மிக மெல்லியதாக இருக்கும், கையும் தெரியாமல் அங்கேதான் அழுத்தும்.

ஃபோம் பேடில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு பாலிஷ் போதும். நாற்பது சென்டிமீட்டர் சதுரம், அதற்கு மேல் ஒரு முறையில் போகாதீர்கள். நான் வட்டமாகத் தேய்ப்பதில்லை. முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும். வட்டமாகத் தேய்த்து ஏதாவது கோடு விழுந்தால் எந்த வெளிச்சத்திலும் தெரியும், நேர்க்கோடு சில கோணத்தில்தான் தெரியும். நடுத்தர அழுத்தம், இரண்டு மூன்று நிமிடம். பாலிஷ் காய்ந்து மாவாவதற்குள் சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். உங்கள் பானெட்டில் பேட் சீக்கிரமே சிவப்பு மாவில் நிறைந்துவிடும். அப்போது புதுப் பேட் மாற்றுங்கள். நாலு பேட் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். நகத்தால் குறுக்கே வருடும்போது நகம் சிக்கும் கீறலை விட்டுவிடுங்கள். அதை முழுக்க எடுக்கப் பார்த்தால் சுற்றியுள்ள நல்ல பெயிண்ட் போய்விடும்.

இன்னொன்று, ஆயுத பூஜை. நானும் சந்தனம், குங்குமம் வைக்கிறவள்தான். ஆனால் இப்போது பெயிண்டில் வைப்பதில்லை, முன்கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கிறேன். முன்பு பானெட்டில் வைத்த சந்தனம் ஒரு வாரம் காய்ந்தபின் உலர்ந்த துணியால் தேய்த்தெடுத்ததில், கீறலும் மஞ்சள் கறையும் அப்படியே நின்றன. உங்கள் பொடி விட்ட பானெட்டில் குங்குமச் சாயம் உள்ளேயே இறங்கிவிடும்.

ஓட்டுநர்_மகன் (விழுப்புரம்)

மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, நாள் 500 ரூபாய். டிரில் மிஷினில் மாட்டும் பஃப் கூட 300 ரூபாய்க்கு வருகிறது. கையால் மாதக் கணக்கில் எதற்குத் தேய்க்க வேண்டும்?

கணபதி_பட்டறை (கோவை)

வாடகைக்கு வருவது பெரும்பாலும் ரோட்டரி. ஒரே அச்சில் சுற்றும், ஒரே இடத்தில் சூடு ஏறும். அது தொழில் தெரிந்தவன் கைக்கு. நான் வேலை கற்ற இரண்டாம் வருடம் ஒரு கறுப்பு வண்டியின் பானெட் மடிப்பில் கம்பளிப் பேடை இரண்டு நொடி கூடுதலாக நிறுத்திவிட்டேன். கிளியர் எரிந்து, உள்ளங்கை நீளத்துக்கு அடியிலிருந்த பிரைமரின் சாம்பல் நிறம் தெரிந்தது. பானெட் முழுவதும் மறுபடி அடித்துக்கொடுத்தோம். அந்த வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பிளாஸ்டிக் பம்பர் இன்னும் ஆபத்து, தகரம் மாதிரி அது சூட்டைக் கடத்தாது, பெயிண்ட் உடனே இளகும்.

டிஏ மிஷின் என்று இருக்கிறது. சுற்றிக்கொண்டே தள்ளாடும். அழுத்தினால் சுற்றுவது நின்றுவிடும், எரிக்காது. கிளியர் உள்ள உங்கள் கதவுகளின் சிலந்தி வலைக்கு அது சரியான கருவி. யாரிடமாவது இருந்தால் கடன் வாங்குங்கள். டிரில் பஃப் வேண்டவே வேண்டாம்.

ஈசிஆர்_காற்று (திருவான்மியூர்)

மிஷின் அடித்துப் பளபளப்பாகக் கொடுத்து, இரண்டு கழுவலில் கோடெல்லாம் திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு. சில பாலிஷ்களில் எண்ணெயும் சிலிக்கானும் இருக்கும். அவை கீறலை எடுக்காமல் நிரப்பி மறைக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு இடத்தில் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். மறைந்த கோடு வெளியே வரும். கடையில் வேலை கொடுப்பவர்களும் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்து காட்டச் சொல்லலாம். கிளியர் இல்லாத பழைய பெயிண்டில் இதைச் செய்ய வேண்டாம், காய்ந்து கிடக்கும் பெயிண்டை இன்னும் காயவைக்கும்.

திருநகர்_செல்வம் (மதுரை)

காந்தச் சோதனை முடிந்தது. டாப்பின் பின்பக்கம், டிக்கிக்கு மேலே ஒரு அடி நீளத்துக்குக் காந்தம் ஒட்டவில்லை. கிளை விழுந்த இடம் அதுவாகத்தான் இருக்கும். அங்கே கை வைக்க மாட்டேன்.

வேக்ஸ் பற்றிக் கேட்க வேண்டும். என் டப்பாவில் கார்னாபா என்று போட்டிருக்கிறது. அது என்ன? கடைக்காரர் சீலன்ட் என்று இன்னொன்றும் காட்டினார்.

பெரம்பூர்_லோகோ (சென்னை)

கார்னாபா ஒரு பனை மரம். பிரேசிலின் வடகிழக்கில், வறட்சியான பகுதியில் வளர்கிறது. ஓலையிலிருந்து ஈரம் போகாமலிருக்க மரம் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, தட்டி அந்த மெழுகை உதிர்த்தெடுக்கிறார்கள். நம் ஊர்ப் பனைக்குத் தூரத்துச் சொந்தம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது. தேன்மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகும், இது 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். சித்திரை வெயிலில் கையை வைக்க முடியாத தகரத்திலும் தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

சுத்தமான கார்னாபா கல் மாதிரி இருக்கும், பூசவே முடியாது. டப்பாவில் இருப்பது எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகுகள் கலந்தது. ‘நூறு சதவீதம்’ என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். சிவப்புக்குக் கார்னாபா தரும் ஆழம் அழகு, என் கண்ணுக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் நம் வெயிலில், வாராவாரம் கழுவினால், ஒன்றரை மாதம், இரண்டு மாதம்தான். சீலன்ட் நாலைந்து மாதம் நிற்கும்.

மலைக்கோட்டை_தேன்மொழி (திருச்சி)

போடும்போது மிக மெல்லியதாகப் போடுங்கள். தோசைக்கல்லில் வெங்காயத்தை வைத்து எண்ணெய் தடவுவோமே, அந்த அளவு. அதிகம் போட்டால் துடைக்கத்தான் கை வலிக்கும், காவல் அதிகமாகாது. நிழலில், தகரம் குளிர்ந்திருக்கும்போது. விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் தெளிவாக வந்தால் துடைக்கலாம், பிசுபிசுத்தால் இன்னும் காயட்டும்.

கணபதி_பட்டறை (கோவை)

உங்கள் பானெட்டுக்கும் டாப்புக்கும் வேக்ஸ் அழகுக்காக அல்ல, அதற்குக் கிளியர் இல்லாததால் வேக்ஸ் ஒன்றுதான் காவல். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் போடுங்கள். போடாமல் விட்டால் மறுபடி பொடி விடும், மறுபடி சீவ வேண்டி வரும், சீவ அங்கே பெயிண்ட் மிச்சம் இருக்காது. கதவுகளுக்கு வருடம் மூன்று முறை சீலன்ட் போதும்.

திருநகர்_செல்வம் (மதுரை)

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். செய்ததைச் சொல்ல வேண்டுமே.

முதல் சனிக்கிழமை கழுவல், கிளே மட்டும். பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தடவியபோது முன்பு மணல்தாள் மாதிரி இருந்த கதவு கண்ணாடி மாதிரி வழுக்கியது. இரண்டாம் வாரம் பானெட்டின் இடதுபாதி, மூன்றாம் வாரம் வலதுபாதி, நைஸ் பாலிஷ், கையால். மொத்தம் ஆறு பேட் சிவப்பாயின. முதல் பாதி முடிந்த அன்று மாமா வந்திருந்தார். ஒரு பக்கம் செங்கல், ஒரு பக்கம் செம்பருத்தி. பார்த்துவிட்டு வெகுநேரம் பானெட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ‘வாங்கின அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு’ என்றார்.

நாலாம் வாரம் டாப். பட்டி இருக்கும் இடத்தை டேப் ஒட்டி விலக்கிவிட்டேன், அங்கே வெளுப்பு அப்படியே இருக்கிறது. பானெட்டின் வலது முனையில் தேய்க்கும்போது நிறம் லேசாக மெலிந்து சாம்பல் சாயல் தெரிந்த மாதிரி இருந்தது. உடனே நிறுத்திவிட்டேன். கதவுகளுக்கு நண்பர் ஒருவரின் டிஏ மிஷின். சிலந்தி வலையில் முக்கால்வாசி போய்விட்டது. நகம் சிக்கும் இரண்டு கீறலை விட்டுவிட்டேன். நேற்று எல்லா இடத்திலும் வேக்ஸ். செலவு மொத்தம் 2,900 ரூபாய். அதில் துணியும் பேடும்தான் பாதி, அவை இன்னும் பல வருடம் வரும்.

ஒரே கேள்வி. அந்தச் சாம்பல் சாயல் தெரியும் முனைக்கு என்ன செய்வது? அடுத்த வேக்ஸ் எப்போது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணபதி_பட்டறை (கோவை)

நல்ல வேலை தம்பி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள், என் பட்டறைப் பையன்களுக்கு இதைப் படித்துக் காட்டினேன்.

அந்த முனையில் இனி பாலிஷ் எதுவும் வேண்டாம். வேக்ஸ் மட்டும், அங்கே ஒரு கை கூடுதலாக. சாம்பல் முழுதாகத் தெரிய ஆரம்பித்தால் அந்த முனையை மட்டும் டச்சப் செய்யலாம், அவசரம் இல்லை.

அடுத்த முறை கழுவும்போது தண்ணீரைப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் வேக்ஸ் இருக்கிறது. பரந்து, படிந்து, ஒட்டிக்கொண்டு நின்றால் போய்விட்டது. டாப்பில்தான் முதலில் போகும். அங்கே பாருங்கள்.

திருநகர்_செல்வம் (மதுரை)

இன்று காலை ஒரு தூறல் போட்டது அண்ணா. குடை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். டாப் முழுக்க முத்து.